டிராவல் டிரெய்லரில் வெளிப்புறச் சாமான் கதவு அமைத்தல்

வட அமெரிக்காவில் விற்கும் டிராவல் டிரெய்லர்கள் பலவற்றின் முன்பகுதியில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஊடுருவிச் செல்லும் சாமான் அறை ஒன்று இருக்கும். அதற்கு இருபுறமும் வெளிக்கதவு உண்டு. சாப்பாட்டு மேசையை ஒட்டிய பெட்டி இருக்கைகளின் அடியிலும் கட்டிலின் அடியிலும் உள்ள இடத்துக்கோ பெரும்பாலும் உள்ளிருந்து மட்டுமே வழி. மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்றி, சேறு படிந்த ஹோஸை வண்டிக்குள் இழுத்து வந்து வைக்க வேண்டியிருக்கும். பெட்டி இருக்கைக்கு நேராக வெளிச்சுவரில் ஒரு கதவு அமைத்துவிட்டால் ஹோஸ், மின்கம்பி, சக்கரக் கட்டை, மடக்கு நாற்காலி எல்லாம் வெளியிலிருந்தே போய் வரும். இந்த அத்தியாயம் அந்தக் கதவைப் பற்றியது. கட்டிலடி இடத்துக்கும் முறை இதுவே.

சுவரை வெட்டுவது சில மணி நேர வேலை. வெட்டிய இடத்தில் மழைநீர் ஆண்டுக்கணக்கில் நுழையாமல் காப்பதே உண்மையான வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

வெட்டாமல் முடியுமா?

முதலில் இதை யோசித்தே ஆக வேண்டும். உள்ளே வைக்கும் பொருள் காய்ந்ததாக, சுத்தமானதாக இருந்தால் (போர்வை, துணி, உணவு டப்பா) வெளிக்கதவு தேவையில்லை. கட்டில் பலகைக்கு இரண்டு காஸ் ஸ்ட்ரட் போட்டால் ஒரு கையால் தூக்கலாம். பெட்டி இருக்கையின் முன்பலகையில் சிறு கதவோ இழுப்பறையோ வைக்கலாம். இவற்றில் பிழை நேர்ந்தால் ஒரு பிளைவுட் துண்டு போகும், அவ்வளவுதான். ஈரமும் சேறும் உள்ள பொருள்களுக்கு, அதுவும் அடிக்கடி எடுத்து வைப்பவற்றுக்கு மட்டுமே வெளிச்சுவரில் கை வைப்பது தகும். டிரெய்லர் புதிதாக இருந்தால் உத்தரவாதப் பத்திரத்தை முழுக்கப் படித்த பிறகே தொடங்க வேண்டும். உரிமையாளர் வெட்டிய சுவரில் பின்னால் வரும் கசிவுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சுவர் எந்த வகை?

டிரெய்லர் சுவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று, மரச்சட்டச் சுவர்: சுமார் ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரச்சட்டங்களுக்கு இடையே கண்ணாடிப் பஞ்சு, வெளியே மடிப்பு மடிப்பான அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பலகை. மற்றொன்று, ஒட்டுச் சுவர்: வழவழப்பான ஃபைபர்கிளாஸ் தகடு, அதன் பின்னால் மெல்லிய லுவான் பிளைவுட், நடுவே தெர்மகோல், அதனூடே பற்றவைத்த அலுமினியக் குழாய்ச் சட்டம், உள்பக்கம் மறுபடியும் லுவான். க்ரீம் பிஸ்கட்டைப் போல எல்லா அடுக்கும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால்தான் இந்தச் சுவருக்குப் பலம்.

இரண்டுக்கும் தண்ணீர் பகைதான், ஆனால் கேடு வெவ்வேறு விதமாக வரும். மரச்சட்டச் சுவரில் நீர் கீழிறங்கி அடிச்சட்டத்தையும் தரைப் பலகையையும் உளுக்க வைக்கும். ஒட்டுச் சுவரில் லுவான் ஊறி, பசை விட்டு, வெளித்தகடு கொப்புளம்போல உப்பும். உப்பிய சுவரைச் சீர்செய்வது பெரும் செலவு. சில வண்டிகளில் லுவானுக்குப் பதிலாக அஸ்டெல் என்ற மரமில்லாத பலகை இருக்கும். அது உளுக்காது. ஆனாலும் அதைத் தாண்டித் தரைக்குப் போகும் நீரை அது தடுக்காது.

இடம் தேர்வு

வெளிச்சுவரில் எங்கே வெட்டலாம் என்பதைவிட எங்கே வெட்டக் கூடாது என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது.

சக்கரத்துக்கு நேர் பின்னால் வேண்டாம். கல்லும் சேற்றுநீரும் அங்கேதான் தெறிக்கும், டயர் வெடித்தால் கிழிவதும் அந்த இடம்தான். ஹீட்டரின் புகைவாய், தண்ணீர் சூடேற்றியின் வாய் ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம். மேல்நோக்கித் திறந்த கதவு ஆனிங் கையில் இடிக்கிறதா, பக்கவாட்டில் திறந்தால் நுழைவுப் படியை மறிக்கிறதா என்று அட்டை ஒன்றைக் கதவளவுக்கு வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும். வெளியே நகரும் அறையின் பெட்டிச் சுவரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

அடுத்து உள்பக்கம். பெட்டி இருக்கையின் மூடியைக் கழற்றி டார்ச்சோடு எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பம்பு, குழாய்கள், குளிர்கால வால்வு, 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் ஆகியவை அங்கே ஒளிந்திருப்பது வழக்கம். பம்பு இருந்தால் புதிய கதவு பழுதுபார்க்கவும் வழியாகும், அது நல்லதுதான். கன்வெர்ட்டர் இருந்தால் வேறு இருக்கையைத் தேடுவது மேல். அது சூடாகும், அதற்குக் காற்று வேண்டும், ஈரச் சாமானோடு சேர்ந்து இருக்கக் கூடாது.

சட்டங்களைக் கண்டறிய எளிய வழிகள் உண்டு. மரச்சட்டச் சுவரில் சிறு காந்தத்தை உள்பலகை மீது நகர்த்தினால் இரும்புப் பின்களும் ஸ்க்ரூக்களும் உள்ள வரிசை பிடிபடும். ஒட்டுச் சுவரில் அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது. அங்கே குளிர்ந்த விடியற்காலை உதவும்: தெர்மகோல் உள்ள இடமும் அலுமினியக் குழாய் உள்ள இடமும் வெப்பத்தை வெவ்வேறு விதமாகக் கடத்துவதால், வெளித்தகட்டில் படிந்த பனியில் சட்டங்கள் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் வெயில் வந்த பிறகும் அடையாளம் நிற்கும். கதவு இரண்டு சட்டங்களுக்கு நடுவே அடங்க வேண்டும். பற்றவைத்த அலுமினியக் குழாயை அறுக்காமல் வைக்க முடியாத அளவு என்றால், கதவின் அளவைக் குறைப்பதே சரி.

கதவு வாங்குதல்

கதவின் அளவைக் கடைக்காரர் எதைக் கொண்டு சொல்கிறார் என்று கேட்காமல் வாங்குவது பலர் செய்யும் தவறு. சுவரில் வெட்ட வேண்டிய திறப்பின் அளவு ஒன்று. வெளிவிளிம்புச் சட்டத்தின் அளவு வேறொன்று. விளிம்பு, திறப்பைத் தாண்டி நாலாபுறமும் சுவர் மீது படியும். சுவரின் கனமும் கதவுச் சட்டத்தின் ஆழமும் பொருந்த வேண்டும்; ஆகவே சுவர்க் கனத்தை ஏற்கெனவே உள்ள ஒரு சாமான் கதவின் விளிம்பில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். கதவு கைக்கு வந்து, அதை நேரில் அளந்த பிறகே சுவரில் கோடு போட வேண்டும்.

கீல் மேற்புறம் இருந்தால் திறந்த கதவே மழைக்குச் சிறு கூரையாகும். பக்கவாட்டுக் கீல் என்றால் அது வண்டியின் முன்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் ஓடும்போது பூட்டு விட்டுப் போனாலும் எதிர்காற்று கதவைச் சாத்தும். மாறிப் பொருத்தினால் பிய்த்து எறியும்.

குறிப்பு: சில கதவுகள் வெறும் சட்டமாக வரும், சுவரில் வெட்டி எடுத்த துண்டையே நடுவில் பொருத்திக்கொள்ளலாம். சுவரின் நிறமும் கோடுகளும் தொடர்ச்சியாக அமையும் என்பதால் பார்வைக்கு இதுவே அழகு. ஆனால் வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும்.

தேவையானவை

ஜிக்சா, நெருங்கிய பல் கொண்ட உலோக பிளேடுகள், அதிரும் மல்டி டூல், டிரில், ரசமட்டம், மூலைமட்டம், மாஸ்கிங் டேப், அரம், கிளாம்ப், கையால் திருகும் ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் சுரண்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு அங்குல அகல பியூட்டைல் டேப், செங்குத்துப் பரப்புக்கான வழியாத சீலன்ட், துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூக்கள், சட்டத்துக்கு உலர்ந்த நேரான மரம், தெர்மகோலைக் கரைக்காத பசை.

இரண்டு பொருள்களைப் பற்றி எச்சரிக்கை. சிலிக்கான் சீலன்ட் வேண்டவே வேண்டாம். நாளடைவில் அது விளிம்பு விட்டால், அதன் மேல் வேறெதுவும் ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. கூரைக்கென விற்கும், தானாகப் பரவும் சீலன்ட்டும் இங்கே உதவாது. நின்ற சுவரில் அது வழிந்து இறங்கிவிடும்.

வேலைக்கு முன் பாதுகாப்பு

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இருபுறச் சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, நான்கு மூலை ஜாக்குகளையும் இறக்க வேண்டும்.

2. மின் தேடும் கருவியால் சுவரை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். இதை மட்டும் மின்சாரம் இருக்கும்போதே செய்ய வேண்டும். 120 வோல்ட் கம்பியை அது காட்டும். 12 வோல்ட் கம்பியைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே அருகிலுள்ள ஒவ்வொரு விளக்கையும் ஸ்பீக்கரையும் கழற்றி, அதன் கம்பி எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும்.

3. பிறகு வெளி மின் இணைப்பைப் பிடுங்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். சூரியத் தகடு இருந்தால் அதன் இணைப்பையும் துண்டிக்க வேண்டும். இன்வெர்ட்டரை அணைக்க வேண்டும்.

4. புரொப்பேன் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். காஸ் குழாய் பெரும்பாலும் தரைக்கு அடியில் ஓடும்; அதிலிருந்து மேலே ஏறும் கிளை எதுவும் வெட்டும் இடத்தில் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

5. கண்ணாடி, கையுறை, தூசு முகமூடி மூன்றும் கட்டாயம். ஃபைபர்கிளாஸ் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு.

குறித்தலும் வெட்டுதலும்

வெளியிலிருந்து ஒரே வீச்சில் அறுப்பதே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். முதலில் உள்பலகையை மட்டும் வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு வெளித்தகட்டைத் தொடுவதே பாதுகாப்பான வரிசை. பெட்டி இருக்கைக்குள் இருக்கும் உள்பலகை யார் கண்ணுக்கும் படாது. வேலையைக் கைவிட நேர்ந்தாலும் அதை மூடிவிடலாம்.

1. பெட்டிக்குள் சுவரில் திறப்பின் அளவை வரைய வேண்டும். அடிக்கோடு தரைப் பலகைக்கு மேலே, அடிச்சட்டத்துக்கு இடம் விட்டு இருக்க வேண்டும். டிரெய்லர் சற்றே சாய்ந்து நின்றாலும் ரசமட்டம் பொய் சொல்லும். ஆகவே வண்டியின் தரையையும் வெளியே ஓடும் அலங்காரப் பட்டையையும் அளவுகோலாகக் கொண்டு, மூலைமட்டத்தால் சரிபார்க்க வேண்டும். குறுக்குவாட்டில் இரு மூலைவிட்டங்களும் ஒரே நீளம் வந்தால் மூலைகள் சரி.

2. மல்டி டூலை மேலோட்டமாகப் பிடித்து, உள்பலகையின் கனம் மட்டும் அறுபடும்படி கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். பலகையைப் பெயர்த்தெடுத்து, கண்ணாடிப் பஞ்சையோ தெர்மகோலையோ கையாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் அகற்ற வேண்டும். கத்தி கூடாது, கம்பி இருந்தால் அதன் உறை கீறிவிடும்.

3. கம்பி தென்பட்டால் அதைத் திறப்புக்கு வெளியே சுற்றிவிட நீளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளம் இல்லாத 120 வோல்ட் கம்பி என்றால் வேலையை நிறுத்தி, எலக்ட்ரீஷியனை அழைப்பதே முறை.

4. எல்லாம் தெளிவானதும் உள்ளிருந்து நான்கு மூலைகளிலும் மெல்லிய டிரில் பிட்டால் நேராகத் துளை போட்டு வெளியே கொண்டுவர வேண்டும்.

5. வெளியே அகலமாக மாஸ்கிங் டேப் ஒட்டி, நான்கு துளைகளையும் இணைத்துக் கோடு வரைய வேண்டும். கதவை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். விளிம்பு ஏதேனும் பட்டையின் மேலோ தகட்டு மடிப்பின் மேலோ அரைகுறையாக ஏறி நிற்கிறதா என்று கவனிக்க வேண்டிய கடைசி வாய்ப்பு இது.

6. ஜிக்சாவின் அடித்தட்டிலும் டேப் ஒட்டிக்கொண்டால் சுவர் கீறாது. முதலில் அடிக்கோடு, பிறகு இரு பக்கங்கள், கடைசியில் மேல்கோடு. வெட்டி முடிந்த இடங்களில் குறுக்கே டேப் ஒட்டிக்கொண்டே போனால் துண்டு தொங்கித் தகட்டைக் கிழிக்காது. மேல்கோட்டை வெட்டும்போது துணைக்கு ஒருவர் துண்டைப் பிடித்துக்கொள்வது நல்லது.

7. மூலைகளில் கோட்டைத் தாண்டி அறுக்கக் கூடாது. ஃபைபர்கிளாஸில் விரிசல் கூரான மூலையிலிருந்துதான் கிளம்பும். மூலையை அரத்தால் சிறிது வளைவாக்கிவிட வேண்டும்.

மரச்சட்டம்

திறப்பின் நான்கு பக்கமும் ஸ்க்ரூ கடிக்க மரம் வேண்டும். ஒட்டுச் சுவரில் இரு தகடுகளுக்கு இடையே உள்ள தெர்மகோலைச் சுமார் ஒன்றரை அங்குல ஆழம் சுற்றிலும் குடைந்தெடுத்து, அதே கனத்துக்கு இழைத்த மரத்துண்டுகளைப் பசையோடு செருக வேண்டும். கரைப்பான் கலந்த பசை தெர்மகோலை உருக்கிவிடும். பாலியூரித்தேன் பசையோ எபாக்சியோ பொருத்தம். இருபுறமும் பலகைத்துண்டு வைத்து, கிளாம்ப் போட்டு, பசை முற்றாக இறுகும்வரை விட வேண்டும். அவசரத்தில் கிளாம்பை மிகையாக இறுக்கினால் வெளித்தகட்டில் பள்ளம் விழும், அது மாறாது.

மரச்சட்டச் சுவரில் வேலை சுலபம்: பக்கத்துச் சட்டங்களுக்குக் குறுக்கே மேலும் கீழும் ஒவ்வொரு துண்டு, தேவையானால் பக்கவாட்டில் ஒன்று. செருகிய மரம் வெளித்தகட்டோடு இடைவெளியின்றி உட்கார வேண்டும். வெட்டின் ஓரத்தில் தெரியும் லுவானுக்கும் மரத்துக்கும் எபாக்சி அல்லது பெயின்ட் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால், பின்னாளில் ஒரு சொட்டு நுழைந்தாலும் உறிஞ்சாது.

நீர் புகாமல் பொருத்துதல்

இந்தப் பகுதிக்கு வெயில் உள்ள நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிரில் பியூட்டைல் டேப் விறைத்து, இடுக்குகளுக்குள் பாயாது.

1. பசை இல்லாமல் கதவை ஒருமுறை வைத்துப் பார்த்து, திறந்து மூடி, ஸ்க்ரூத் துளைகளைக் குறித்து, சிறு பிட்டால் வழித்துளை போட்டுக்கொள்ள வேண்டும்.

2. விளிம்பு படியும் பரப்பை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வாக்ஸ், பழைய சீலன்ட், விரல் எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது.

3. மடிப்புத் தகடு என்றால், பள்ளங்களைத் தனித் துண்டு பியூட்டைலால் நிரப்பி மேட்டோடு சமமாக்க வேண்டும். இதைத் தவிர்ப்பதால்தான் பல கதவுகள் முதல் மழையிலேயே ஒழுகுகின்றன.

4. விளிம்பின் பின்பக்கம் டேப்பை அடிப்பக்க நடுவில் தொடங்கி, சுற்றி வந்து அங்கேயே முடிக்க வேண்டும். மூலையில் வெட்டாமல் வளைத்துக் கொண்டுபோக வேண்டும், இழுத்து நீட்டக் கூடாது. இணைப்பு அடியில் இருந்தால் மேலிருந்து வழியும் நீர் அதைத் தேடி வராது.

5. மேல்தாளை உரித்து, கதவை நேராக வைத்து அழுத்த வேண்டும். மேலே ஒரு ஸ்க்ரூ, கீழே ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று என எதிரெதிராகப் பாதி மட்டும் ஏற்ற வேண்டும். கடைசிச் சுற்றுகள் கையால்தான். டிரில்லின் வேகத்தில் இறுக்கினால் மரத்தில் புரி தேய்ந்து, ஸ்க்ரூ சும்மா சுற்றும்.

6. சுற்றுச் சுற்றாக இறுக்கும்போது விளிம்பின் ஓரத்தில் பியூட்டைல் மெல்லப் பிதுங்கும். நாலாபுறமும் ஒரே அளவில் பிதுங்கினால் அழுத்தம் சீராக இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பிதுங்கவில்லை என்றால் அங்கே இடைவெளி உண்டு; கழற்றி டேப் கூட்ட வேண்டும். ஒரு நாள் விட்டு மறுபடியும் இறுக்க வேண்டும். இரண்டாம் முறையும் சிறிது பிதுங்கும்.

7. பிதுங்கியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வெட்டி எடுத்து, மேல்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் சீலன்ட் கோடு போட வேண்டும். அடிப்பக்கத்தில் போடக் கூடாது. எப்படியோ உள்ளே போன நீர் வெளியேற அந்த வழி வேண்டும்.

கதவுக்கு மேலே ஒரு சிறு மழைநீர்ப் பட்டை ஒட்டினால் சுவரில் வழியும் நீர் விளிம்பின் மேல் விழாமல் விலகும். மலிவான பொருள், பெரிய பயன்.

சோதனை

சீலன்ட் இறுகிய பின் ஒருவர் ஹோஸோடு வெளியே, ஒருவர் டார்ச்சோடு உள்ளே. நீரை அடிப்பக்கத்தில் தொடங்கி, சில நிமிடங்கள் நின்று, மெல்ல மேலே கொண்டுபோக வேண்டும். எடுத்தவுடன் மேலிருந்து ஊற்றினால் கசிவு எங்கே என்று பிரித்தறிய முடியாது. உள்விளிம்பில் டிஷ்யூ தாளை ஒட்டி வைத்தால் ஒரு சொட்டும் தெரிந்துவிடும். ரப்பர் பட்டையைச் சோதிக்க, ஒரு தாள் துண்டை இடையில் வைத்துக் கதவைப் பூட்டி இழுக்க வேண்டும்; எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு போதவில்லை. மண் சாலையில் இந்த இடைவெளி வழியேதான் தூசு பெட்டிக்குள் நிறையும்.

உள்ளே என்ன வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

இது உயிர் சம்பந்தப்பட்டது. பெட்டி இருக்கையின் உட்புறம் படுத்துறங்கும் அறையோடு காற்றுத் தொடர்புள்ளது. பெட்ரோல் கேன், பெட்ரோல் நிரப்பிய ஜெனரேட்டர், புரொப்பேன் சிலிண்டர் எதையும், காலியாக இருந்தாலும், இங்கே வைக்கக் கூடாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். வெளிக்கதவு வந்துவிட்டதால் அது வெளி அறையாகிவிட்டது என்று நினைப்பதுதான் இந்த மாற்றத்தில் நேரும் மிக ஆபத்தான தவறு.

பம்பும் குழாய்களும் அங்கே இருந்தால், சாமான் உருண்டு மோதாமல் குறுக்கே ஒரு பிளைவுட் தடுப்பு வைக்க வேண்டும். ஈரப் பொருள்களுக்கு விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு தரையைக் காக்கும்.

எடையையும் மறக்கக் கூடாது. வழி எளிதானால் சாமான் சேரும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இழுவைக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 6,000 பவுண்டு வண்டியில் அது 600 முதல் 900 பவுண்டு. அச்சுக்குப் பின்னால் உள்ள பெட்டியில் கனத்தைக் கூட்டினால் கொக்கி எடை குறைந்து, வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். அமெரிக்க நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள எடைமேடை ஒன்றில், சாமான் ஏற்றிய நிலையில் வண்டியை ஏற்றிப் பார்ப்பது நல்லது.

பூட்டும் பராமரிப்பும்

கடையில் வாங்கும் சாமான் கதவுகளில் பெரும்பாலும் சிஎச் 751 என்ற எண்ணுள்ள சாவிதான் வரும். அதே சாவி எண்ணற்ற டிரெய்லர்களைத் திறக்கும். வேறு சாவியுள்ள கேம் பூட்டை அதே துளையில் மாற்றுவது சில நிமிட வேலை. பழைய பூட்டின் தண்டு நீளத்தை அளந்து அதே நீளத்தில் வாங்கினால் போதும். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவியாக அமையும் தொகுப்புகளும் கிடைக்கின்றன.

முதல் நெடும்பயணம் முடிந்ததும் ஸ்க்ரூக்களை ஒருமுறை கையால் சோதிக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு இருமுறை, குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும், சீலன்ட் கோட்டில் வெடிப்போ விலகலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவுக்குக் கீழே உள்பலகையை விரலால் அழுத்தி மென்மையாக இருக்கிறதா என்றும், வெளித்தகட்டில் சாய்வாக வெளிச்சம் அடித்து உப்பல் தெரிகிறதா என்றும் கவனிக்க வேண்டும். விலகிய சீலன்ட்டின் மேல் புதிதாகப் பூசாமல், பழையதை முழுதும் எடுத்து, ஆல்கஹாலால் துடைத்த பிறகே புதுக்கோடு போட வேண்டும்.